பாதிப் பதிலோடு வாழ்தல்

கர்ப்பம் என்று தெரிந்ததுமே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட மனம் பரபரக்கிறது. ஆனால் அந்த முதல் ஸ்கேன் பல நேரம் பாதிப் பதிலைத்தான் தருகிறது. என் தங்கையிடம் டாக்டர், "பை தெரியுது, துடிப்பு இன்னும் வரல. பத்து நாள் கழிச்சு வாங்கம்மா" என்றார். "போயிடுச்சுங்கிறதைத்தான் இப்படிச் சொல்றாங்களா அக்கா?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் ஐந்தாம் வாரத்தை ஒட்டிக் கருப்பைக்குள் கரு வளரும் பை தெரியும். ஆறாம் வாரத்தை ஒட்டிக் கருவும் துடிப்பும் தெரியவரும். கருமுட்டை ஒரு வாரம் பிந்தி வெளிவந்திருந்தால், கருவின் வளர்ச்சியும் கணக்குக்கு ஒரு வாரம் பின்னால்தான் இருக்கும். மாதவிலக்கு சீராக வராதவர்களுக்கு இது சகஜம்.

பிரிட்டனில் ஒரு காலத்தில், பை 20 மில்லிமீட்டர் வளர்ந்தும் உள்ளே கரு இல்லாவிட்டால், அல்லது கரு 6 மில்லிமீட்டரை எட்டியும் துடிக்காவிட்டால், கருவின் வளர்ச்சி நின்றுவிட்டதாகக் கொண்டார்கள். 2011இல் அவற்றை 25, 7 என்று உயர்த்தினார்கள். அளப்பவருக்கு அளப்பவர் கணக்கு சற்று மாறும். அந்தச் சிறு வித்தியாசத்தில் உயிருள்ள கரு தவறாகக் கலைக்கப்பட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். 'பொறுங்கள்' என்று சொல்லவே மருத்துவம் இவ்வளவு பாடுபட்டுக் கற்றிருக்கிறது.

தங்கைக்கு என்ன ஆனது என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், நல்ல முடிவு வந்தால்தான் பொறுத்தது சரி என்று ஆகிவிடும். எந்த முடிவு வந்திருந்தாலும் அந்தப் பத்து நாள் பொறுத்தது சரியே. கரு நிலைக்காமல் போனாலும் அது பெண்ணின் தவறல்ல: ஆரம்பத்திலேயே கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். பப்பாளி தின்றதையும் வண்டியில் போனதையும் சொல்லி அவளைக் குற்றவாளி ஆக்குவது கொடுமை.

காத்திருப்பது என்றால் உடம்பைக் கவனிக்காமல் இருப்பதென்று பொருளில்லை. கடுமையான வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லாதபோது, வீட்டார் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். கெட்டதை முன்கூட்டியே சொல்லித் தேற்றவும் வேண்டாம். இரண்டுமே நம் பதற்றத்தை அவள் தலையில் இறக்கிவைப்பதுதான். "எனக்கும் தெரியலடி. அடுத்த ஸ்கேனுக்கும் நான் கூட வரேன்" என்று சொல்லலாம். அது உண்மை, நம்மால் காப்பாற்ற முடிகிற வாக்கும் அதுதான்.