தாங்கும் உடலும் ஓயும் உரிமையும்

உடலைத் தானே வலிந்து வருத்திக்கொள்வது அறமா, ஆணவமா? 1978-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் பதினைவர் தொடங்கிய போட்டி இவ்வினாவை எழுப்புகிறது. ஒரே நாளில் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். 'இரும்பு மனிதர்' போட்டி என்று அதற்குப் பெயர்.

தங்கவயல்வாசிகளாகிய நமக்கு, இதைக் கேட்டதும் நம் பாட்டன்மார் நினைவே முந்துகிறது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே சுடும் வெப்பத்தில் உழைத்தவர்கள் அவர்கள். அவர்களை எவரும் இரும்பு மனிதர் என்றாரில்லை. பலர் நுரையீரலில் கல்தூசியே எஞ்சியது.

வேறுபாடு நோவின் அளவில் இல்லை என்றே கருதுகிறோம். (நாற்காலியில் அமர்ந்து கோப்புப் புரட்டும் நாம் நோவை அளக்கப் புகுவதும் சற்று மிகைதான்!) போட்டியாளர் விரும்பிய கணத்தில் நின்றுவிடலாம். அன்றியும், பயிற்சியில் நைந்த தசை உறக்கத்திலும் ஓய்விலுமே வலுப்பெறும் என்றறிந்து, ஓய்வையும் பயிற்சியாகவே கணக்கிடுகிறார். சுரங்கத் தொழிலாளிக்கோ நின்றால் கூலியில்லை. ஓய்வு என்பது அடுத்த ஷிப்டுச் சங்கு ஊதும்வரைதான்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று சயனைடு மேட்டோரம் ஓடிப் பழகும் இளைஞர் சிலரைக் காண்கிறோம். வீண்வேலை என்று அவர்களை ஏசும் பெரியவர்களோடு நாம் உடன்படுவதில்லை. தன் உடலைத் தானே ஆளும் உரிமை பாட்டனுக்குக் கிட்டவில்லை, பேரனுக்கேனும் கிட்டியதே! ஆயினும், அதே விடியலில் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலேறி, பலகையில் சாய்ந்தபடி உறங்கிப்போகும் இன்னொரு பேரனும் நம் வீட்டுப் பிள்ளைதான்.