எந்திரத்தின் நியாயமும் சர்க்காரின் கடமையும்

எந்திரத்துக்கு முகதாட்சணியம் கிடையாது, லஞ்சம் வாங்கத் தெரியாது என்று நம்மில் பலர் மகிழ்கின்றனர். மகிழ்வதற்குக் காரணமும் உண்டு. 2025ம் வருஷம் ஆகஸ்டு 31ந் தேதி முதல் மலேசிய சர்க்கார், 18 வயது நிரம்பிய குடிமக்கள் யாவருக்கும் அவரவர் அடையாளக் கார்டின் மூலமாகவே 100 வெள்ளி வழங்கிற்று. மனுப் போட வேண்டியதில்லை. குறிப்பிட்ட கடைகளில் கார்டை நீட்டினால் அரிசியும் எண்ணெயும் வாங்கலாம். தரகனுக்கு வேலையில்லாமற் செய்த இம்முறையை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், ஒரு காலத்தில் ரப்பர்க் காடாயிருந்து இன்று செம்பனை நிற்கும் பேராக் பூமியிலே, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் கிழவியின் கதி யாது? இந்நாட்டிலேயே பிறந்து, ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டியும் அவள் நிரந்தரவாசியேயன்றிக் குடிமகளல்லள். ஆகவே எந்திரம் அவளுக்கு இல்லையென்கிறது. அதன்மேல் குற்றமென்ன? சொல்லிக் கொடுத்ததைத்தானே அது சொல்லும்! லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த அவள் பிறப்பைப் பதிய ஒருவரும் முன்வரவில்லை. அவள் வேலைக்கு வந்த நாட்களையோ தோட்டத்துக் கிராணி செக்ரோலில் தவறாமல் குறித்து வந்தார். (வராத நாட்களையுந்தான்.) உழைப்பை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ணத் தெரியாமற் போன விந்தையை என்னென்பது!

“அத்தாட்சி இருந்தால் கொண்டு வரட்டுமே” என்பார்கள் சிலர். தேடிச் செல்ல வேண்டியவர் யார் என்பதே நம் கேள்வி. அடையாளக் கார்டு பிறந்த கதையே பேராக்கில்தான் தொடங்குகிறது. 1948 ஜூன் 16ந் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அவ்வருஷமே 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும் பதிய உத்தரவு வந்தது. அன்றிருந்த கருவிகள் படப்பெட்டியும் கைரேகை மையுந்தான். அவற்றைச் சுமந்துகொண்டு அதிகாரிகள் கம்பமென்றும் தோட்டமென்றும் பாராமல் சென்றனர். ஜனங்களைச் சந்தேகித்த சர்க்கார் அவர்களைத் தேடிப் போயிற்று. ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வந்த சர்க்கார், அவர்களே தேடி வரட்டுமென்று காத்திருப்பதா?

நடமாடும் பதிவுக் குழுக்கள் இப்போதும் செல்லாமலில்லை. ஆயினும் காகிதங்களைத் திரட்டும் பாரம் மனுதாரர் தலையில்தான். தோட்டப் பள்ளிக்கூடப் பதிவேடு, ஆஸ்பத்திரிப் புஸ்தகம், செக்ரோல் இவற்றையெல்லாம் ஒப்பிட்டு ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது எந்திரத்துக்குக் கைவந்த வேலை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கோ அது மலையைப் புரட்டுவதாகும். அவ்வேடுகளைத் தேடியெடுக்க இலாகாவே ஆள் அனுப்பட்டும். தோட்டங்கள் கைமாறியபோது எத்தனை ஏடுகள் கரையானுக்கு இரையாயினவோ!