அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். கால்மேல் கால் கூடாது. பட்டை கட்டிய கை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். முந்தைய அரைமணி நேரத்தில் காபி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பேசக் கூடாது.

மருத்துவர்களுக்கு இது அளவு பிசகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எனக்கோ, யாரோ ஒரு குரு ஆசனம் சொல்லிக்கொடுப்பதாகவே படுகிறது. நடப்பில் எங்கே வாய்க்கிறது? மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குமுன் உட்கார வைக்கிறார்கள். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" பதில் சொல்லி முடிப்பதற்குள் எண் வந்துவிடுகிறது. வாய் பேசினாலே அளவு சற்று ஏறும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் கருவி வாங்கியபின் காலையில், காபிக்கு முன், அந்த ஐந்து நிமிடத்தைப் பழகுகிறேன். மனம் எங்கோ பால் கணக்கில் இருக்கும். இருக்கட்டும், உடம்பு உட்கார்ந்திருந்தால் கருவிக்குப் போதும்.

*

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தார். ரத்தம் குழாயில் எட்டடிக்கு மேல் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் அசைந்தது. 1733இல் அதை எழுதி வெளியிட்டார். அந்தக் குதிரை பிழைக்கவில்லை. குத்தாமல், கையில் பட்டை கட்டியே அளக்கும் கருவியை இத்தாலியில் ரிவா ரோச்சி செய்தது 1896இல். பட்டையின் காற்றை இறக்கும்போது முழங்கைக்குழியில் கேட்கும் ஒலியை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் கண்டு சொன்னார்.

எட்டடி உயரத்துக்கு ரத்தத்தை ஏற்றும் விசை. நம்முடையது அவ்வளவு இல்லை, ஆனாலும் குறைவில்லை. அது உள்ளே இரவும் பகலும் மோதிக்கொண்டிருக்கிறது, நமக்கோ ஒன்றும் தெரிவதில்லை. கூடினாலும் தெரிவதில்லை என்பதுதான் சங்கடம். "தலை சுத்தல, மயக்கம் வரல, எனக்கேது பிரஷர்?" என்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் விழித்திரையும் மூளையும் பல வருடம் முறையிடாமல் தாங்கிக்கொள்கின்றன. பல்வலி எவ்வளவோ நேர்மையானது.

*

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சோறு, குழம்பு, பொரியல், மோர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

மேல்நாட்டில் உப்பு பெரும்பாலும் ரொட்டியிலும் பாக்கெட் உணவிலும் ஒளிந்து வருகிறது. நம் வீடுகளில் அது கண்ணெதிரே, சமைப்பவர் கையால் விழுகிறது. பிறகு அப்பளம், வத்தல், மோர்மிளகாய், கருவாடு, மாங்காய் ஊறுகாய். உப்பு கூடினால் உடல் அதற்கேற்ப நீரைப் பிடித்துவைக்கிறது. குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். மலைக்குப் போனாலும் உப்பு உப்பே. பொட்டாசியம் கலந்த உப்பு வேறு வகை. அது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து, கேட்காமல் வாங்கக் கூடாது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன்பிறகு ஓட்டல் சாம்பார்தான் கரிக்கும். ஒரே நாளில் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தார்கள். கஞ்சிக்குப் போடும் உப்புக்கும் வரியா என்பது கேள்வி. அதே கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வதில் இன்றைக்கு உப்பு ஏராளம். (சும்மா இருத்தலை வேண்டி வேண்டிப் பாடிய தாயுமானவரின் தந்தைக்கும் வேதாரண்யம்தான் ஊர். உப்பும் மௌனமும் ஓர் ஊரில்.)

*

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். ஒரு திண்ணையில் கேட்ட பேச்சு:

"நார்மல்னு சொல்றியே கண்ணு, அப்புறம் எதுக்கு மாத்திர?"

"மாத்திர போடுறதாலதான் பாட்டி நார்மல்."

"போடாட்டி என்ன ஆவும்னு யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் மல்லுக்கட்டியதும் இப்படியொரு கேள்வியோடுதான். ஊர் முழுவதும் உப்பைக் கொஞ்சம் குறைத்தால் ஊருக்கு லாபம் பெரிது. தனியொருவருக்குக் கையில் கிடைப்பதோ சொற்பம். பக்கவாதம் வராமல் போன நாளில், அது வரவிருந்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை. நன்றி சொல்ல ஆளில்லை, கொண்டாடத் தேதியில்லை. இப்படிப்பட்ட வேலையை நாள் தவறாமல் செய்ய ஒருவித வைராக்கியம் வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டிக்கு அந்தத் தத்துவமெல்லாம் இல்லை. புடவையைச் சற்று தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். வீங்கியிருந்தது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். அந்த வீக்கத்துக்குப் பயந்துதான் பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன பாட்டி? டாக்டரம்மா வேற மாத்திர மாத்திக் குடுப்பாங்க. அதுவரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவேண்டிய நாளை அட்டையில் எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண்.