அபிப்பிராயம் எழுதும் கை

சட்டப் படிப்பை முடித்து, லண்டன் மாநகரின் பெரிய சட்ட நிறுவனமொன்றில் இரண்டாண்டுப் பயிற்சிக்குச் சேரும் இளைஞன் நிதித் துறையில் பழகவேண்டிய அரிய கலைகளுள் ஒன்று சட்ட அபிப்பிராயம் எழுதுவது. கையொப்பங்கள் மெய்யானவை என்று வைத்துக்கொண்டு, பிற நாட்டுச் சட்டங்களை விலக்கி, நிபந்தனைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஈற்றில் ஒரே வாக்கியத்தில் முடிபுரைப்பது அதன் சம்பிரதாயம். அவ்வாக்கியத்தின் பலாபலனுக்கு எழுதியவன் பொறுப்பாளியா?

2008 செப்டம்பரில் வீழ்ந்த லேமன் பிரதர்ஸ் வங்கி, 105 டாலர் பெறுமானமுள்ள பத்திரங்களைக் கொடுத்து 100 டாலர் கடன் பெற்று, காலாண்டுக் கணக்கு முடியுந் தறுவாயில் அதை விற்பனையென்று பதிந்து, சில தினங்களில் பத்திரங்களை மீட்டுக்கொண்டது. அவ்வாண்டின் மத்தியில் சுமார் 5,000 கோடி டாலர் இவ்வண்ணம் ஏட்டினின்று மறைந்தது. இதை மெய்யான விற்பனையென்று எழுதித்தர அமெரிக்காவில் எந்தச் சட்ட நிறுவனமும் அகப்படாமற்போக, ஆங்கிலச் சட்டத்தின்படி லண்டனில் அவ்வபிப்பிராயம் கிடைத்ததென்று நீதிமன்றப் பரிசோதகரின் 2010ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அச்சட்டப்படி அதில் பிழையில்லை என்றே கொள்வோம். என் மனம் அத்துடன் அமைதியுறவில்லை.

பலனை எண்ணாது கடமையைச் செய்யென்னும் கீதையைத் துணைக்கழைப்போர் உண்டு. தன் லாபத்தில் பற்றைத் துறக்கச் சொன்ன அந்நூல், பிறர்க்கு விளையும் கேட்டைக் காணாதிருக்கச் சொல்லவில்லை. லோகசங்கிரகத்தை, அதாவது உலக நன்மையை, நோக்கியே கருமம் செய்க என்று மூன்றாம் அத்தியாயத்தில் வற்புறுத்துகிறது. ஆதலின், இத்தொழிலில் புகும் இளைஞர்களே, கையொப்பமிடுமுன் இத்தாளை நம்பி யார் ஏமாறக்கூடும் என்று கேளுங்கள். விடை உறுத்துமாயின் எழுத மறுத்துவிடுங்கள்.