விரல்களில் ஒரு முகவரி

2024 ஜூலை 9, மியூனிக் நகரம். யூரோ கோப்பை அரையிறுதியில் பிரான்ஸ் ஒரு கோல் முன்னிலை. பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்தை வாங்கிய லாமின் யமால், இடக்காலால் வளைத்து அடித்தார். பந்து கம்பத்தில் உரசி வலைக்குள் விழுந்தது. ஸ்பெயினின் அந்த ஆட்டக்காரருக்குப் பதினேழு வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. யூரோ வரலாற்றில் அவ்வளவு சின்ன வயதில் அதுவரை யாரும் கோல் போட்டதில்லை.

அந்தத் தொடருக்கு அவர் பள்ளி வீட்டுப்பாடத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார். தேர்வில் தேறிய செய்தி வந்ததும் போட்டிகளுக்கு நடுவேதான். (எந்தச் செய்திக்கு அம்மா அதிகம் மகிழ்ந்திருப்பாரோ!)

கோல் போட்டதும் விரல்களால் 304 என்று காட்டுவது அவர் வழக்கம். பார்சிலோனாவுக்கு அருகே மட்டாரோ நகரில் ரொகாஃபோண்டா என்றொரு பகுதி; அவர் வளர்ந்தது அங்கேதான். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் நிறைய வாழும் இடம். யமாலின் தந்தை மொராக்கோக்காரர், தாய் எக்குவடோரியல் கினியிலிருந்து வந்தவர். அந்தப் பகுதியின் அஞ்சல் எண் 08304.

சிறு வயதிலேயே பார்சிலோனா கிளப்பின் லா மாசியா பயிற்சிக்கூடம். 15 வயதில் முதல் அணி. புகழ்மாலையில் கிளப்பின் பெயர் தானாக வந்து சேர்ந்துவிடும். தெருவின் பெயரை யாராவது சொன்னால்தான் உண்டு. ஒரு தபால் எண்ணை உலகமே மனப்பாடம் செய்யும்படி ஆடிய வேறொருவர் எனக்கு நினைவில்லை.