அழாத பிள்ளை

‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்பது நாட்டிலே பழகிப்போன பழமொழி. சரி, அழத் தெரியாத பிள்ளை?

திருவரங்கத்துத் தெருவொன்றில் ஓர் இளைஞன் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உடையவன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் ஒலிபெருக்கியும் ஊருக்குத் திருவிழா. அவன் செவிக்கோ தீராத வேதனை. கதவைச் சாத்திக்கொள்கிறான். நாளடைவில் உணவு குறைகிறது, உறக்கம் கெடுகிறது, வாழ்வே வேண்டாமெனும் எண்ணம் வந்து குடியேறுகிறது. “எப்படியப்பா இருக்கிறாய்?” என்கிறார் மாமா. “இருக்கிறேன்” என்கிறான். கேட்ட கேள்விக்குச் சரியான விடை! மாமாவும் மனநிறைவோடு சத்திரத்துக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்.

அவன் மறைக்கவில்லை, தோழர்களே! உள்ளே எழுவது துயரமா, அச்சமா, பசியா என்று பிரித்துப் பெயரிடுவதே ஆட்டிசம் உடையோர் பலருக்கு அரிது. கண்ணீர் இல்லை, கதறல் இல்லை. ஆகவே துன்பமும் இல்லை என்று நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். அரசு ஏடுகள் இதற்கு ‘மதியிறுக்கம்’ என்று பெயரிட்டுள்ளன. இறுக்கம் அவன் மதியிலா, நம் மதியிலா?

உதவியே இல்லையா? உண்டு. 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 முதல் 14416 எனும் எண் இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலும் செவிசாய்க்கிறது. கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர் தாங்கிய திருச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலே மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் “மனம் சரியில்லையென்றால் அழை” என்று சொல்லிவிட்டால் போதுமா? எந்த அளவு சரியில்லாதபோது? எடுப்பவர் யார்? என்ன கேட்பார்? வாய் வராவிட்டால் சினப்பாரா? அவனுடைய இக்கேள்விகள் அடமல்ல. நாம் ஊகித்துக்கொள்கிறோம், அவன் கேட்கிறான், அவ்வளவே வேற்றுமை.

அமைதியான நாளிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டு இரவு உறங்காவிட்டால் அழை. சாவைப் பற்றிய எண்ணம் ஒருமுறை வந்தாலும் அழை. முதலில் பதிவுக் குரல் மொழியைக் கேட்கும், பிறகு மனிதர் பேசுவார். “நான் ஆட்டிசம் உடையவன், மெதுவாகப் பேசுங்கள்” என்பதைத் தாளைப் பார்த்தே படிக்கலாம். பேச இயலாத நாளில் அக்காளிடம் காட்ட ஒரு சிவப்பு அட்டை இருக்கட்டும்.

“வேண்டியவன் கேட்கட்டுமே!” என்பாரும் உளர். கேட்பதற்கும் ஒரு மொழி வேண்டுமே! அதை நம் வசதிக்கு வகுத்துக்கொண்டு, பேசாதவனுக்கு உதவியில்லை என்பது, எழுத்தறியாதவனிடம் ‘மனு எழுதி வா’ என்ற பழைய கச்சேரி வழக்கமன்றி வேறென்ன?

மாமா அடுத்த முறை வரும்போது, “நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?” என்று கேட்கட்டும். “தூங்கவில்லை” என்று நேராகவே சொல்வான்.