தொழிலை நிறுக்கும் தராசு

ஒரே தொழிலில் வாழ்நாள் முழுவதையும் கழிப்போர் இன்று அரியர். உழவு, கடை, அலுவலகம், அயலூர் வேலை எனப் பல தடங்களில் நடந்தவர்களே நம்மில் மிகுதி. ஓய்ந்து அமரும்போது, பார்த்த வேலைகளுள் எது நல்லது என எண்ணிப் பார்க்கிறோம். நாம் ஏந்தும் தராசில் பெரும்பாலும் மூன்றே படிக்கற்கள்: ஊதியம், நிலைப்பு, மதிப்பு. இவை போதுமா?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியாரின் வாழ்வு இவ்வினாவிற்கு நல்லதோர் உரைகல். உழவராய் வாழ்ந்தவர், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்தார். பின்னர் வடலூரில் வள்ளலார் நெறியில் தொண்டாற்றி, 1970இல் மறைந்தார்.

உழவனுக்கு மேலாளர் இல்லை; ஆனால் வானம் உண்டு. ஏரி நிரம்பாத ஆண்டிலும் பயிர் இல்லை, உடையும் ஆண்டிலும் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை விழுப்புரம் மாவட்டம் மறவாது. ஆட்சிப் பணியோ ஒரு சட்டத்தால் இலட்சம் பேரின் வாழ்வைத் தொடவல்லது. ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947இல் வந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. எனினும் சொந்தக் கட்சியின் எதிர்ப்பே அவர் பதவியை ஈராண்டில் முடித்தது. தொண்டு சிலரையே எட்டும். ஆயினும் உதவி பெறுவோரின் முகத்தை அங்கே நேரில் காணலாம்.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. ஒவ்வொரு தொழிலின் குறையும் அதன் நிறையிலிருந்தே முளைக்கிறது. எவரையும் அண்டி நில்லாத உழவனுக்குத் தாங்கிப் பிடிப்பாரும் இல்லை. பலர் சேர்ந்து தந்த அதிகாரத்தைப் பலர் சேர்ந்தே பறிக்கவும் இயலும். ஆகவே நன்மை தீமைகளை வரவு செலவுபோல் கூட்டிக் கழித்து விடை காண முடியாது.

ஆனால் நிலமுடையோர்க்கு ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றும் உரிமை இருந்தது. முன்பணத்திற்குக் கட்டுண்டு கரும்பு வெட்டுவோர்க்கும் செங்கற்சூளையில் உழல்வோர்க்கும் அது ஏது? அவர்களிடம், 'எல்லாத் தொழிலும் புனிதமே' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது, நீதியன்று. உழைப்பின் மதிப்பை முதற்கண் உழைக்கும் மனிதரைக் கொண்டே அளக்க வேண்டும் என்று 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். இப்போதனை கொடிய வேலைக்குப் பூச்சூட்டவில்லை. மனிதரை அரைத்துத் தின்னும் வேலையைக் கண்டிக்கிறது.

எனவே நம் தராசில் நான்காவது படிக்கல் ஒன்றையும் இடுவோம். இவ்வேலை நம்மை எத்தகைய மனிதராக்கியது? இதனால் எவர் சுமை குறைந்தது, எவர் சுமை கூடியது? நாம் கடந்து வந்த வேலைகளை இக்கேள்விகளால் நிறுத்துப் பார்ப்போம். நாளை நம் பிள்ளைகள் ஊதியம் குறைந்ததொரு வேலையைத் தேர்ந்துகொண்டு நம்முன் வந்து நிற்கும்போது, மறுமொழி கூறுமுன் இந்த நான்காம் கல்லையும் கையில் எடுப்போம்.